ஐம்பத்திரண்டு கிணறுகளும் ஒரு பால் சுறாவும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று விடிந்தபோது, சூசைமுனைக் குடாவில் இருந்த மீன்களெல்லாம் கடலைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் வந்து, வீட்டுக்கு ஓர் இனமாக, ஐம்பத்திரண்டு வீட்டுக் கொல்லைக் கிணறுகளிலும் குடியேறியிருந்தன. நடந்து வந்தனவா, பறந்து வந்தனவா, மணலுக்கு அடியில் ஊற்றோடு ஊற்றாக ஊர்ந்து வந்தனவா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நின்று பேச அன்றைக்கு யாருக்கும் பொழுதில்லை. அடுத்த வீட்டுக் கிணற்றில் என்ன மீன் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கவே ஊருக்குச் சரியாக இருந்தது.

ஜெனோவாவின் வாளியில் வந்தது பேத்தை.

பிள்ளையின் துணிகளை அலச அவள் தண்ணீர் இறைத்தபோது வாளி வழக்கத்தைவிடக் கனத்தது. உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு மீன் அவளை ஏறிட்டுப் பார்த்தது. பார்த்த பயத்தில் வயிற்றை ஊதி ஊதித் தேங்காயளவு ஆனது. அதைப் பார்த்த பயத்தில் ஜெனோவா கயிற்றை விட்டாள். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தில் கீழே இருந்த மற்ற பேத்தைகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஊதிக்கொள்ள, கிணறு முழுக்க முள்ளுப் பந்துகளாக மிதந்தது.

அவளுடைய மாமியார் மதலேனாள் வந்து குனிந்து பார்த்தாள். பேத்தையை யாரும் தின்பதில்லை. உள்ளே விஷம். வலையில் அகப்பட்டால் சின்னப் பிள்ளைகள் கரையில் உதைத்து விளையாடுவார்கள், அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் மீனு வந்திருக்கு, நமக்குப் பந்து வந்திருக்கு," என்றாள் மதலேனாள். "ஆளைப் பாத்துத்தான் வந்திருக்கு. பயந்தாங்கொள்ளி வீட்டுக்குப் பயந்தாங்கொள்ளி."

ஜெனோவாவுக்கு இருபத்திரண்டு வயது, பிள்ளை பெற்று முப்பத்தாறு நாள். பிள்ளை பிறந்த எட்டாம் நாள், கேரளக் கரையில் தொழிலுக்குப் போயிருந்த அவள் புருஷன் ஜோக்கினின் படகைக் காணவில்லை என்று போன் வந்தது. மூன்று நாள் கழித்து, எஞ்சின் நின்றுபோய் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்த படகு ஐந்து பேரோடு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளில் அவளைவிட்டுப் போன பால் திரும்பி வரவில்லை. பூண்டு தின்றாள், வெந்தயக் கஞ்சி குடித்தாள். அடைக்கல மாதாவுக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்தாள். டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை குடித்ததைவிட அதிகமாகக் கக்கியது. நர்சம்மா தராசில் போடும்போதெல்லாம் முள் கொஞ்சம் இடதுபக்கமாகவே நகர்ந்தது. பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ இருந்த பெண்பிள்ளை, இப்போது இரண்டேகால்.

"பால் சுறாப் புட்டு வச்சுக் குடு, ஊத்தெடுத்த மாதிரி வரும்," என்று பார்க்கிற ஒவ்வொருத்தியும் சொன்னாள். அவித்து உதிர்த்து, இஞ்சியும் பூண்டும் போட்டு வதக்கிக் கொடுத்தால் கல்லிலும் பால் சுரக்கும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் குடாவில் பால் சுறா பட்டு மாதக்கணக்காகிவிட்டது. இப்போது குடாவில் எந்த மீனுமே இல்லை.

ஆகவே, அன்றைக்கு ஊரே எட்டிப் பார்த்துச் சிரித்தும் வயிறெரிந்தும் கொண்டிருந்தபோது, ஜெனோவா மட்டும் ஒரே கேள்வியோடு பிள்ளையை மாரோடு அணைத்து வாசலில் நின்றாள். சுறா யார் வீட்டுக்கு வந்திருக்கிறது?

மீன்கள் பங்கிட்டுக்கொண்ட விதத்தில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் யாருக்கும் பிடிக்கவில்லை. ஐந்து விசைப்படகுக்குச் சொந்தக்காரரான, ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பாரின் கிணற்றில், ஆள்காட்டி விரல் நீளத்தில், முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லாத காரல் லட்சக்கணக்கில் வந்து குவிந்திருந்தது. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த கைம்பெண் வியாகுலத்தின் கிணற்றிலோ, தொடை கனத்தில் சீலா மீன்கள் இருபத்தெட்டு, வெள்ளி போலத் திரும்பித் திரும்பி நின்றன. மீன் வாடையே ஆகாது என்று அத்தர் பூசிக்கொண்டு திரியும் உபதேசியாருக்குச் சாளை. தையல்காரர் வீட்டுக்கு, விரித்த துணி மாதிரி திருக்கை. பங்குச் சாமியார் பங்களாக் கிணற்றில் நாக்கு மீன். "பிரசங்கத்துக்கு நீளம் காணாதுன்னு அனுப்பி வச்சிருக்காரு ஆண்டவர்," என்று மதலேனாள் சொன்னது சாமியாரின் காதுக்கே போய், அவர் அந்த ஞாயிறு பிரசங்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டார்.

மூன்றே நாளில் ஊர் பழகிவிட்டது. குடிக்க லாரித் தண்ணீர் வந்தது. கிணற்றுக் கயிற்றில் வாளிக்குப் பதில் பனையோலைக் கடகம் கட்டினார்கள். காலையில் தெருவில், "நாலு விள மீனுக்கு ஒரு கடகம் நெத்திலி", "கணவாய் தாறேன், ஊளி தருவியா" என்று கைமாற்று நடந்தது. கஸ்பாரின் பெண்டாட்டி காரல் சட்டியோடு வியாகுலத்தின் வாசலில் வந்து நின்று, "யக்கா, ஒரு சீலாத் துண்டு…" என்று இழுத்தபோது, வியாகுலம் அவளை ஒரு நாழிகை நிற்க வைத்துவிட்டு, பிறகு மனசு கேளாமல் முழு மீனையே கொடுத்து அனுப்பினாள். ஜோக்கின் கேரளாவிலிருந்து போன் பண்ணினான்.

"இங்க ரெண்டு நாளா வலை சும்மா வருது. அங்க கெணத்துல மீனு வந்திருக்காமே? நம்ம கெணத்துல என்ன?"

"பேத்தை."

"போச்சு போ," என்றான். அப்புறம், "பாப்பா?" என்றான்.

"இருக்கா," என்றாள் ஜெனோவா.

கைமாற்றில் சண்டை வரத் தொடங்கியது. யாரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்குப் பேசினார்கள். கஸ்பார் வந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டு வரைக்கும் படித்த ஜெனோவாவைக் கேட்டார்.

"ஊருல உன்னை மாதிரிக் கையெழுத்து யாருக்கும் கெடையாது பிள்ளா. வீடு வீடாப் போய் ஒரு பட்டியல் எழுதிக் குடு."

"நாப்பது கழியல, படி தாண்டப்படாது," என்றாள் மதலேனாள்.

"போறேன் மாமி," என்றாள் ஜெனோவா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியார் பேச்சுக்கு மாற்றுப் பேசியது அதுதான் முதல் தடவை. மதலேனாளுக்கு ஆச்சரியம் கோபத்தை முந்திக்கொண்டது.

அப்படித்தான் ஜெனோவா, பிள்ளையைத் துணித்தூளியில் மாரோடு கட்டிக்கொண்டு, நீள நோட்டோடு ஊரைச் சுற்றினாள். கோடு போடாத பக்கம் குளிக்காத பிள்ளை என்று சொல்லிக்கொண்டே அடிக்கோலால் விரல் முட்டியில் தட்டும் சிஸ்டர் பெனிற்றாவை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி போட்டாள். வீடு, மீன், எத்தனை, குறிப்பு. எண்ண முடிந்ததை எண்ணினாள், முடியாததை "ஏராளம்" என்று எழுதினாள். கலவாய் பதினேழு. மடவை ஏராளம். ஓரா முந்நூறுக்குக் குறையாது. கிளி மீன் நாற்பது, அவற்றில் ஒன்று அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கிழங்கான், முரல், பாறை, நகரை, கெளிறு என்று எழுதிக்கொண்டே போனாள்.

குறிப்புப் பத்தியில் என்ன எழுதுவது என்று முதலில் தெரியவில்லை. முதல் வீட்டில் அப்போதுதான் மீனை வகுந்துகொண்டிருந்தார்கள், "பாரு பிள்ளா, என்னா சினை!" என்று மஞ்சள் மஞ்சளாக முட்டைக் கட்டியை எடுத்துக் காட்டினார்கள். "சினை" என்று எழுதினாள். அடுத்த வீட்டில் சினைப் பொரியல் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மேலே உள்ளதே என்பதற்காகப் போடும் இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டாள். அடுத்த வீட்டிலும் அதே இரண்டு கோடு. அதற்கடுத்த வீட்டிலும். ஐம்பத்தொரு வீடு முடிந்தபோது அந்தப் பத்தி, மழை பெய்தாற்போல மேலிருந்து கீழ் வரைக்கும் கோடுகளாகவே இருந்தது. அவள் பேனாவை மூடி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

மிச்சமிருந்தது நத்தாலியாவின் வீடு.

நத்தாலியாவுக்கு நாற்பத்தாறு வயது. கருவாட்டு வியாபாரி. பிள்ளை இல்லை, புருஷன் இறந்து பத்து வருஷம். அவளுக்கும் மதலேனாளுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. மதலேனாளின் மகள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, கோயில் வாசலில் நத்தாலியா ஆசையாக இரண்டு கையையும் நீட்டினாள். மதலேனாள் பிள்ளையை மறுபக்கம் திருப்பி, "பெறாத கையி பிள்ளைக்கு ஆகாது," என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். நத்தாலியா நீட்டிய கையை மெல்ல மடக்கி, கழுத்துச் செபமாலையைச் சரி பண்ணுகிற மாதிரிப் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

மீன் வந்த நாளிலிருந்து அவள் தன் கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருந்தாள்.

"சித்தி, நான் ஜெனோ. பட்டியலுக்கு வந்திருக்கேன்."

"பட்டியலுக்கா, இல்ல புட்டுக்கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வா. பிள்ளையை வெயில்ல நிறுத்தாதே."

அம்மிக்கல்லை இறக்கித் தகரத்தை விலக்கினாள். கீழே, பச்சைத் தண்ணீரில், ஒரு கை நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் பால் சுறா ஒன்று, கிணற்றுச் சுவரை உரசாமல் மெதுவாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிந்தது. பால் சுறா முட்டை போடாது, குட்டி போடும்.

"நெறமாசம்," என்றாள் நத்தாலியா. "நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ராத்திரியும் பகலும் சுத்துறா. படுக்க மாட்டேங்கா." மீனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இல்லை, பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கும் தங்கச்சியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். கையை நீட்டவில்லை, முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். "என்ன பிள்ளா, இம்புட்டுத்தானா இருக்கு?"

ஜெனோவா பட்டியலில் எழுதினாள்: நத்தாலியா. பால் சுறா. ஒன்று. குறிப்பில் அந்த இரண்டு கோட்டைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் கமிட்டி கூடியது. பட்டியலை வாங்கிய கஸ்பார் முதல் மூன்று பத்திகளையும் சத்தமாக வாசித்தார். நான்காவதை, "என்னமோ கோடு கோடாப் போட்டிருக்கு," என்று விட்டுவிட்டார். நத்தாலியாவின் பெயர் வந்ததும் மதலேனாள் எழுந்தாள். ஆறு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லாத வாய், இப்போதும் சொல்லவில்லை.

"சுறா வச்சிருக்கிறவங்க அதைத் தரணும். எம் பேத்தி நாளுக்கு நாள் கரைஞ்சு போறா. பேத்தையைத் தவிர எங்ககிட்ட மாத்துக்குக் குடுக்க ஒண்ணுமில்ல. ஊருதான் பாத்துச் சொல்லணும்."

"எங்க சீலா பத்து மீனு தாறேன், மதலேனக்காவுக்காக," என்றாள் வியாகுலம்.

"என் காரலு முழுக்க எடுத்துக்க," என்றார் கஸ்பார்.

"அதை இனாமாக் குடுத்தாலும் ஆளில்ல அண்ணாச்சி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, கூட்டம் சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் நத்தாலியா எழுந்திருந்தாள்.

"ஒரு பச்சைப் பிள்ளை உசிருக்கு முன்னால மீனு பெருசில்ல," என்றாள். "தாறேன். மாத்தெல்லாம் வேண்டாம். ஆனா நான் வெட்ட மாட்டேன். வேற எவளும் வெட்டவும் விடமாட்டேன். நெறமாசக்காரியை வெட்டணும்னா, பெத்தவ வந்து வெட்டட்டும்."

எல்லாரும் ஜெனோவாவைப் பார்த்தார்கள்.

ஜெனோவாவுக்கு அப்போது அந்த நான்காவது பத்தி தெரிந்திருந்தது. ஐம்பத்தொரு வீட்டிலும் ஒரே குறிப்பு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மீன்கள் ஊருக்கு உணவாக வரவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிற பெண்ணைப் போல, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, விசைப்படகுகளின் இழுவை மடி வலை உழுது புரட்டிப்போட்ட குடாவில் இடமில்லாமல், வாசல்தோறும் வந்து இறங்கியிருக்கின்றன. அப்படி வந்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்போது போவாய் என்று கேட்கக் கூடாது. கேட்டதைச் சமைத்துப் போட வேண்டும். பகையாளி மகளே ஆனாலும், வயிறு இறங்குமட்டும் அவள்மேல் ஒரு சுடுசொல் விழக் கூடாது. இவர்களோ சினையைப் பொரித்துத் தட்டில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அதை அவள் அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் கையை எடுத்துவிடும். கையை எடுத்தால் சுறா பிழைக்கும், பிள்ளை பிழைக்காது. ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் துடிக்கிற இடத்தில் வாயை வைத்து அழுத்திக்கொண்டு, "வாறேன் சித்தி," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பத்து மணி வெயிலில் போனாள். மதலேனாள் வேலிப் படலை வரைக்கும் கூட வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. தெருவில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு, "சுருக்கா முடிச்சுட்டு வா," என்றாள்.

கிணற்றடியில் துணி துவைக்கும் சிமெண்டுத் தொட்டியைக் கழுவி, நத்தாலியா தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். இரண்டு பேருமாகக் கடகத்தை இறக்கினார்கள். சுறா முரண்டு பண்ணவில்லை. களைத்துப்போனவள் வண்டியில் ஏறி உட்காருகிற மாதிரி அதுவாகவே உள்ளே வந்தது. தூக்கித் தொட்டியில் விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து ஜெனோவாவைப் பார்த்தது. கிணற்றுச் சுவரின்மேல் நத்தாலியா வைத்த வெட்டுக்கத்தி இருந்தது. தீட்டி வைத்திருந்தாள்.

கத்தியை எடுக்க வேண்டுமென்றால் பிள்ளையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். அதை ஜெனோவா யோசித்திருக்கவில்லை. நத்தாலியாவும் யோசித்திருக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தூளியோட அந்த வாழைக்கிட்ட கெடத்திரு," என்றாள் நத்தாலியா.

"எறும்பு இருக்கு சித்தி. புடிங்க."

நத்தாலியா முந்தானையில் இரண்டு தரம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

ஜெனோவா கத்தியோடு தொட்டியின் அருகே முட்டி போட்டாள். "மன்னிச்சுக்கோ" என்று யாருக்கென்று தெரியாமல் சொன்னாள். சுறாவின் வயிற்றில் கை வைத்தாள். கைக்கு அடியில் வயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்ந்தது. மறுபடி இறுகியது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவள் வயிறு செய்த அதே காரியம். அவளுக்குத் தெரியாததா?

"சித்தி!" என்று கத்தினாள். "இவளுக்கு வலி எடுத்துட்டு!"

வால் முதலில் வந்தது. ஒரு சாண் நீளத்தில், கண் திறந்த குட்டி, தாயோடு ஒரு வெள்ளைக் கொடியால் கட்டுண்டு, தண்ணீரில் வந்து நெளிந்தது. பால் சுறாவுக்குத் தொப்புள்கொடி உண்டு. கடலில் பெற்றால் குட்டி துள்ளுகிற வேகத்தில் அதுவாக அறுந்துவிடும். தொட்டியில் துள்ள இடமில்லை. கொடி குட்டியைச் சுற்றிக்கொண்டது. ஜெனோவா கொடியை இடது கையில் பிடித்து, வலது கையிலிருந்த கத்தியால் அறுத்தாள். பெற்றவள் வந்து வெட்டினாள். ஒன்று, இரண்டு என்று ஐந்து குட்டிகள்; ஐந்து கொடி. ஐந்தாவதை அவிழ்த்து விட்டபோது, தனக்குப் பின்னால் ஒரு சத்தம் நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டிருப்பதை அவள் அறிந்தாள். மடக், மடக் என்று, தாகம் எடுத்த ஆள் செம்பைக் கவிழ்க்கிற சத்தம்.

திரும்பினாள். நத்தாலியா வாழையடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரவிக்கை விலகியிருக்க, பிள்ளையின் தலையை உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள். பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்துகொண்டிருந்தது.

"என்னன்னு தெரியல பிள்ளா," என்றாள் நத்தாலியா. "ரெண்டு நாளா நெஞ்சு கனந்துட்டு இருந்துச்சு. வாயுன்னு நெனச்சேன்."

ஜெனோவா கத்திய சத்தத்தைக் கேட்டு மதலேனாள் படலையைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். தொட்டியைப் பார்த்தாள், குட்டிகளைப் பார்த்தாள், பேத்தியின் கன்னம் உப்பி உப்பி இறங்குவதைப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முந்திய அந்தச் சொல்லை வாயில் வைத்துத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து நத்தாலியாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

"மூடிக்கிட்டுக் குடு நத்தாலி. காத்துப் பட்டா பாலு கட்டிக்கிடும்."

சுறாவையும் ஐந்து குட்டிகளையும் திரும்பக் கிணற்றில் விட்டுவிட்டு, அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஜெனோவா நான்காவது பத்தியை வாசித்தாள். ஐம்பத்திரண்டு வீட்டுப் பெயரையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் "சினை" என்றாள். பத்தாவது பெயருக்கு மேல் யாரும் அசையவில்லை. இருபதாவது பெயரில் வியாகுலம் அழத் தொடங்கினாள். முடிந்ததும், "இதை முன்னமே தெரிஞ்சு வச்சிருந்தேன், சொல்லல," என்றாள் ஜெனோவா. "எம் பிள்ளைக்காக."

"எவ சொல்லியிருப்பா?" என்றாள் கஸ்பாரின் பெண்டாட்டி.

அதோடு கடகங்கள் கிணற்றைவிட்டுப் பரண் ஏறின. நாற்பத்தெட்டு நாள் சூசைமுனை பருப்புக் குழம்பும் கத்திரிக்காயும் தின்றது. அந்த ஊர் சரித்திரத்தில் மீன் பொரிக்காத இரும்புச் சட்டிகள் துருப்பிடித்ததும், உபதேசியார் அத்தர் பூசாமல் திரிந்ததும் அப்போதுதான். பிரசவத்துக்கு வந்தவர்களைச் சும்மா வைத்திருக்கலாமா என்று, பெண்கள் பெற்றவளுக்குக் கொடுக்கும் காயத்தைச் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டி, உருண்டை பிடித்துக் கிணறுகளில் போட்டார்கள். "காரலுக்குக் காயம் கிண்டியே என் கருப்பட்டி தீந்துபோச்சு," என்று கஸ்பார் புலம்பினார். ஆனால் லட்சம் காரலுக்கும் காணுமா என்று கிணற்றில் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு சட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான். ஒவ்வொரு கிணறாகத் தண்ணீர் வெளுத்து, பால் கலந்தாற்போலாகி, தெளிந்தபோது ஊசி முனைபோலக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் மினுங்கின. "எத்தனை" என்ற பத்தி முழுவதையும் அடித்து ஜெனோவா "ஏராளம்" என்று எழுதினாள்.

பிள்ளை மூன்றேமுக்கால் கிலோ ஆனது. நத்தாலியா ஒரு நாளைக்கு ஏழு தரம் வந்தாள். மதலேனாள் அவளுக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி வைத்துக் காத்திருந்தாள். ஞானஸ்நானத்தில் நத்தாலியாதான் ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்தினாள். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஜெனோவாவின் பயம் போகவில்லை; இடம்தான் மாறியிருந்தது. படலை கிறீச்சிடுகிற சத்தத்துக்கே பிள்ளை அவள் மடியிலிருந்து தலையைத் திருப்பியது. வருகிற காலடியைப் பார்த்து வாயைத் திறந்தது. ஜெனோவா எழுந்து போய்க் கிணற்றடியில் நிற்பாள். பேத்தைகளுக்கு அவள் பழகியிருந்தாள். யாரும் தொடாமலிருந்தால் அவை ஊதுவதில்லை. மெலிந்து, சின்னதாக, பெரிய கண்ணோடு, தங்கள் குஞ்சுகளுக்கு மேலே குடை மாதிரி நின்றன.

தடை நீங்குவதற்கு முந்தின நாள் நண்பகலில், கோயிலில் மூவேளைச் செப மணி அடித்து முடித்தபோது மீன்கள் போய்விட்டிருந்தன. குஞ்சோடும் குட்டியோடும், வந்தது போலவே, போன வழி யாருக்கும் தெரியாமல். குடா நிறைந்து கரையோரம் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்க ஊரே ஓடியது. விசைப்படகுக்காரர்கள் கூடி, ஆடி கழியுமட்டும் குடாவுக்குள் மடி இறக்குவதில்லை என்று முடிவு பண்ணினார்கள். "அஞ்சு படகையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு, முதல் கையெழுத்தை கஸ்பார் போட்டார்.

ஜெனோவாவின் கிணற்றில் மட்டும் ஒரு பேத்தை போகாமல் நின்றது. எலுமிச்சம்பழ அளவு. போகப் பயம்.

அதை வாளியில் எடுத்துக்கொண்டு அவள் கடற்கரைக்குப் போனாள். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நத்தாலியா கூட வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று ஜெனோவா வாளியைச் சாய்த்தாள். மீன் வரவில்லை. கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் அது ஊதியது, ஊதிப் பந்தாகி முள்ளால் குத்தியது. அவள் கையை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று, பிள்ளையிடம் சொல்லத் தெரியாமல் போன குரலில் சொல்லிக்கொண்டே, கையைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்தாள். அலை வந்தது, போனது. பேத்தை புஸ்ஸென்று காற்றை விட்டுச் சின்னதாகி, விரலிடுக்கில் ஒரு நிமிஷம் நின்று, போயிற்று.

கரையில் பிள்ளை பசித்து அழுதது. அந்த அழுகை காதில் விழுந்த கணத்தில் ஜெனோவாவின் மார்பு இரண்டும் ஊசி குத்தினாற்போலக் கடுத்தன. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. அலைத் தண்ணீர் அவ்வளவு உயரம் தெறிக்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பில்லை.

கரையேறி வந்தபோது, நத்தாலியா மணலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நத்தாலியா ரவிக்கையைத் தொடாமல், கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த பயத்தை ஜெனோவா உடனே அடையாளம் கண்டாள். அதோடு அவள் அவ்வளவு நாள் குடித்தனம் பண்ணியிருக்கிறாள்.

"மீனெல்லாம் போயிட்டு பிள்ளா," என்றாள் நத்தாலியா. "இனிமே எனக்கு வருமோ வராதோ."

ஜெனோவா முந்தானையை இழுத்து மார்பைச் சுற்றி இறுக்கிப் போர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வரும் சித்தி," என்றாள். "நீங்களே குடுங்க."

பிள்ளை பிடித்தது. விட்டது. அழுதது. மறுபடி பிடித்தது. இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். பிறகு, கரைக்கு அப்பால் மீன்கள் துள்ளுகிற சத்தத்துக்கு நடுவே, மடக் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் மடக். நத்தாலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

தனக்கு ஊறியதை ஜெனோவா சொல்லவில்லை. தன் பங்கை அடுத்த வேளைக்கு வைத்துக்கொண்டு, ஈர ரவிக்கையோடு, பிள்ளை குடித்து முடிக்குமட்டும் அதன் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.